தாம்பரம்: எத்தனை எழுத்து?

சற்று நீளமான பதிவு. காபியை ஆற்றிக்கொண்டே படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. 'தாம்பரம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணி 'ஐந்து' என்று சொல்லிவிடும். தா, ம், ப, ர, ம். நமக்கும் ஐந்துதான். இதே சொல்லைப் பைத்தான் மொழியில் கொடுத்து நீளம் கேட்டால் 8 என்கிறது. ஒரு கோப்பில் எழுதிச் சேமித்து, கோப்பின் அளவைப் பார்த்தால் 24 பைட் என்கிறது. ஐந்து எப்படி எட்டானது, எட்டு எப்படி இருபத்து நான்கானது? ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஐந்து, எட்டு, இருபத்து நான்கு என்ற இந்த மூன்று எண்களுக்கும் நடுவில் நம் மொழியின் நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். நமது மாநிலப் பாடத்திட்டத்தில் 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் வந்துவிட்டது. அதில் சி.எஸ்.வி. கோப்புகளைப் படிப்பது, எழுதுவது என்று ஒரு பாடமே இருக்கிறது. சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்ப் பக்கம் எந்த டியூஷன் சென்டரில் எட்டிப் பார்த்தாலும் ஒரு பிள்ளை கோப்பைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஆங்கிலப் பெயர்களை எழுதும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆர்வக்கோளாறில் ஒரு பிள்ளை தன் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தால், கோடு போட்டது போலச் சிவப்பில் பிழைச்செய்தி. 'சார், தமிழ்ல வராதா சார்?' என்று கேட்கும்.

வரும். வருவதற்குப் பலர் உழைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் அந்தப் பிள்ளை 'தமிழ்ல வராது' என்று முடிவுகட்டிவிட்டுப் போகக்கூடாது. அதற்காகவே இந்தப் பதிவு.

*கோப்பில் எழுத்து இல்லை*

அடிப்படையை முதலில் பார்ப்போம். கோப்பு என்பதில் எழுத்து எதுவும் கிடையாது. எண்கள்தான் உண்டு. 0 முதல் 255 வரையுள்ள எண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பைட் என்று பெயர். எந்த எண் எந்த எழுத்து என்பதற்கு ஓர் அட்டவணை வேண்டும். எழுதியவர் ஓர் அட்டவணையும் படிப்பவர் வேறோர் அட்டவணையும் வைத்திருந்தால் முடிந்தது கதை. சிக்கல் என்னவென்றால், சாதாரண உரைக் கோப்பில் 'நான் இந்த அட்டவணைப்படி எழுதப்பட்டேன்' என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்காது.

இது கணினி வந்த பிறகு வந்த சிக்கல் என்று நினைக்காதீர்கள். ஓலைச்சுவடிக் காலத்திலேயே உண்டு. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். எகர ஒகரங்களில் குறிலா நெடிலா என்பது பார்வைக்குப் பிரியாது. நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்துக் குழப்பத்தைத் தீர்த்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்கிறோம். அவர் 1680 முதல் 1747 வரை வாழ்ந்தவர். அதற்கு முந்தைய முறையில் எழுதிய சுவடியை எடுத்தால், நம் 'தாம்பரம்' புள்ளியில்லாமல் 'தாமபரம' என்று நிற்கும். அதில் எது ரகரம், எது கால் என்பதைப் படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்த வேலையில் பெரும்பகுதி இதுதான். ஓலையில் இருப்பது வெறும் கோடு. அந்தக் கோட்டை எந்த மரபுப்படி வாசிப்பது என்ற அறிவு ஓலையில் இல்லை. படித்தவர் தலைக்குள் இருந்தது. பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூலகத்தில் அந்தச் சுவடிகள் இன்றும் இருக்கின்றன. கோப்புக்கும் இதே நிலைதான். எண்கள் வட்டில் இருக்கும், வாசிக்கும் முறை வேறெங்கோ இருக்கும்.

*தட்டச்சுப் பொறி விட்டுச்சென்ற சொத்து*

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். வரி முடிந்ததும் இடது கைப் பக்கமுள்ள நெம்புகோலைத் தள்ளுவீர்கள். அந்த ஒரே தள்ளலில் இரண்டு வேலை நடக்கும். வண்டி வரியின் தொடக்கத்துக்கு வரும். தாள் ஒரு வரி மேலே ஏறும். யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சிலும் இதே ஏற்பாடுதான்.

தந்திபோலச் செய்தி அனுப்பிய தொலைத்தட்டச்சில் தள்ளுவதற்குக் கை இல்லை. அதனால் இரண்டு வேலைக்கும் இரண்டு எண்கள் வைத்தார்கள். வண்டியைத் திருப்ப 13, வரியை ஏற்ற 10. அமெரிக்காவில் 1963-ல் வந்த ஆஸ்கி அட்டவணையில் இவை இடம்பிடித்தன. விண்டோஸ் இன்றும் வரி முடிவில் இரண்டையும் எழுதுகிறது. லினக்ஸ் 10-ஐ மட்டும் எழுதுகிறது. ஆகவே 'தாம்பரம்' என்று எழுதி ஒரு என்டர் தட்டினால் லினக்ஸில் 25 பைட், விண்டோஸில் 26. சி.எஸ்.வி. கோப்பை எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் இடையே காலி வரி விழுகிறதே என்று பிள்ளைகள் தவிப்பதற்கு வேர் இங்கேதான். யாரும் இன்று தொட்டிராத ஒரு இயந்திரத்தின் நெம்புகோல் இன்னும் நம் கோப்புக்குள் நகர்ந்துகொண்டிருக்கிறது.

*ஊருக்கு ஓர் அட்டவணை*

ஆஸ்கியில் 128 இடம்தான். ஆங்கில எழுத்து, எண்கள், நிறுத்தக்குறிகளோடு நிரம்பிவிட்டது. ஒரு பைட்டில் மொத்தம் 256 இடம் என்பதால், மேல் பாதியிலுள்ள 128 இடங்களை ஒவ்வொரு மொழிக்காரரும் தம் வசதிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இந்திய அரசுத் தரப்பில் இஸ்கி என்ற அட்டவணை வந்தது. 1991-ல் அது இந்தியத் தர நிர்ணயமாகவே ஆனது. எல்லா இந்திய மொழிக்கும் ஒரே வரிசை. க, த, ம என்று அகரமேறிய மெய், தனியே உயிர்க்குறிகள், தனியே புள்ளி. அதில் 'தாம்பரம்' 8 பைட். த, கால், ம, புள்ளி, ப, ர, ம, புள்ளி. எண்ணிப் பாருங்கள், சரியாக எட்டு.

ஆனால் தெருவில் நடந்தது வேறு. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1980-களிலேயே கொண்டுவந்துவிட்டார். சுவிட்சர்லாந்திலிருந்து கு.கல்யாணசுந்தரம் மயிலை என்ற எழுத்துருவை இலவசமாகத் தந்தார். கனடாவில் சீனிவாசன் ஆதமி. பாமினி என்று ஒன்று, இன்னும் எத்தனையோ. நம் பகுதியில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் அடித்த டி.டி.பி. கடைகளில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு எழுத்துரு. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கும். தொடக்ககாலத் தமிழ் இணையதளங்களில் 'இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்ற அறிவிப்பு இல்லாத முகப்பே கிடையாது.

இவர்களைக் குறை சொல்லக்கூடாது. அன்று தமிழ் திரையில் தெரிய வேண்டும் என்பதே பெரிய காரியம். அவரவர் கையில் கிடைத்த கல்லை வைத்துப் படி கட்டினார்கள்.

*1999, சென்னை*

படிகளை ஒன்றாக்கும் முயற்சி 1997-ல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் சூடுபிடித்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்இணையம் 99' மாநாடு. அதன் விளைவாகத் 'தமிழ் 99' விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரண்டு எழுத்துக் குறியீடுகளும் அரசின் தரமாயின. டாம் முழுக்கத் தமிழுக்கு. டாப் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற எண்ணமும் அந்த மாநாட்டில் விதைத்ததே. 2001-ல் அது தொடங்கியது.

இதே காலத்தில் உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே வாதம் செய்து, 'திஸ்கி' என்ற அட்டவணையை உருவாக்கினார்கள். அதில் புள்ளி வைத்த மெய்க்குத் தனி இடம். அதனால் 'தாம்பரம்' 6 பைட்: த, கால், ம், ப, ர, ம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் சேமிக்கும். 'கொ' என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். தட்டச்சுப் பொறியின் பழக்கம். வாசிக்கச் சுலபம். அகரவரிசைப்படுத்துவதும் சொல்லைத் தேடுவதும் பெரும்பாடு.

மதுரைத் திட்டமும் திஸ்கியைப் பயன்படுத்தியது. 1998 பொங்கலன்று தொடங்கியது. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் வைத்தார்கள். ஊதியம் கிடையாது. சொல்லப்போனால், உரைக் கோப்பு எழுதுவது என்ற எளிய செயலைத் தமிழில் அவ்வளவு பெரிய அளவில் செய்தவர்கள் அவர்கள்தான். பின்னாளில் யூனிகோடு வந்ததும் அந்தக் கோப்புகளை மாற்றி எழுத முடிந்தது. ஏன் முடிந்தது? எந்த அட்டவணையில் எழுதினோம் என்பதை அவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி குறித்து வைத்திருந்தார்கள். இந்த ஒரு பழக்கத்தைத்தான் இன்றைய மாணவருக்கு நான் வலியுறுத்துகிறேன்.

*யூனிகோடும் ஒரு காகித விரிப்பும்*

உலகின் எல்லா எழுத்துக்கும் ஒரே அட்டவணை என்பது யூனிகோடு. அதன் முதல் பதிப்பு 1991-ல் வந்தது. தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினார்கள். வரிசை இஸ்கியிலிருந்து எடுத்தது. அதனால்தான் பைத்தான் இன்று 8 என்கிறது. அது உயிர்மெய்யை எண்ணவில்லை. த, கால், ம, புள்ளி என்று குறிகளை எண்ணுகிறது.

இந்த ஏற்பாட்டில் தமிழறிஞர்கள் பலருக்கு வருத்தம் உண்டு. நம் இலக்கணப்படி 247 எழுத்து. 'மா' என்பது ஓர் எழுத்து, இரண்டின் சேர்க்கை அல்ல என்பது அவர்கள் வாதம். ஒவ்வோர் எழுத்துக்கும் முழு இடம் கொடுக்கும் 'டேஸ் 16' என்ற 16 பிட் குறியீடு அந்த வாதத்திலிருந்து பிறந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அது கைகொடுக்காத இடங்களுக்கு டேஸ் 16-ஐயும் தரமாக ஏற்றது. டேஸ் 16-ல் நம் 'தாம்பரம்' ஐந்து எழுத்தாகவே இருக்கும். எழுத்துக்கு இரண்டு பைட், மொத்தம் 10. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கணக்குக்கு மிக நெருங்கியது இதுதான். ஆனால் உலகத்துக் கைப்பேசிகளும் உலாவிகளும் யூனிகோடு வழியிலேயே போய்விட்டன.

சரி, 24 எங்கிருந்து வந்தது? யூனிகோடு எண்ணைக் கோப்பில் எப்படி வைப்பது என்பதற்கு ஒரு முறை வேண்டும். 1992 செப்டம்பரில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் சாப்பாட்டு மேசையின் காகித விரிப்பில் வரைந்த திட்டம்தான் யுடிஎஃப்-8. ஆங்கில எழுத்துக்கு எப்போதும்போல ஒரு பைட். மற்றவற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு. தமிழுக்கு மூன்று. எட்டு மும்மூன்று இருபத்து நான்கு.

ஆக ஒரே 'தாம்பரம்': திஸ்கியில் 6, இஸ்கியில் 8, டேஸ் 16-ல் 10, யுடிஎஃப்-8-ல் 24.

*இரண்டு தண்டவாளம்*

நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும் உதாரணம் ஒன்று உண்டு. கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-ல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கியது. 2004-ல் அந்த மீட்டர் கேஜ் மின்சார வண்டி நின்று, எல்லாம் பிராட் கேஜ் ஆனது. நடுவில் சில ஆண்டுகள் இரண்டும் அருகருகே ஓடின. மீட்டர் கேஜ் பெட்டியை அகலப் பாதையில் ஏற்ற முடியுமா? முடியாது. சரக்கை இறக்கி இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாற்றத்தான் வேண்டும். குறியீடு மாறுவதும் அப்படித்தான். கோப்பின் பெயரை மாற்றினால் போதாது. பழைய அட்டவணைப்படி படித்து, புதிய அட்டவணைப்படி திரும்ப எழுத வேண்டும்.

*புள்ளி இடறும் இடம்*

இப்போது வகுப்பறைக்கு வருவோம். பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது பெயரைச் சொல்கிறோம். எதற்காகத் திறக்கிறோம் என்பதை ஓர் எழுத்தால் சொல்கிறோம். படிக்க 'ஆர்', புதிதாக எழுத 'டபிள்யூ', இருப்பதன் கடைசியில் சேர்க்க 'ஏ'. சி மொழியிலிருந்து வந்த வழக்கம் இது. இவற்றோடு மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது அட்டவணையின் பெயர்: 'என்கோடிங், யுடிஎஃப்-8'. சொல்லாமல் விட்டால் பைத்தான் அந்தக் கணினியின் வழக்கமான அட்டவணையை எடுத்துக்கொள்ளும். நம் ஊர் விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலும் அது 1252 எனப்படும் மேற்கு ஐரோப்பிய அட்டவணை. அதில் தமிழே கிடையாது.

என்ன ஆகும் என்று பாருங்கள். 'கோவை', 'தேனி' என்று எழுதி யுடிஎஃப்-8-ல் சேமித்த கோப்பை அட்டவணை சொல்லாமல் படித்தால் பிழைச்செய்தி வராது. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று ஒரு கோலம் தெரியும். ஆனால் 'தாம்பரம்' என்றால் பைத்தான் சட்டென்று நின்றுவிடும். பன்னிரண்டாவது பைட்டில் சிக்கல் என்று சொல்லும். அங்கே இருப்பது 141 என்ற எண். 1252 அட்டவணையில் அந்த இடம் காலி. அந்த 141 எதனுடைய கடைசிப் பைட் தெரியுமா? 'ம்' என்பதன் தலைமேலுள்ள புள்ளி!

எழுத்தாணிக்காரர் ஓலை கிழியுமென்று தயங்கிய அதே புள்ளியில்தான் கணினியும் இடறுகிறது. உகரக்குறியிலும், ஏகாரத்திலும், ஐகாரத்திலும்கூட இதேபோல நிற்கும்.

எழுதும்போது ஆபத்து இன்னும் பெரியது. 'டபிள்யூ' என்று திறந்த நொடியிலேயே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். கரும்பலகையைத் துடைத்துவிட்டுத்தான் சாக்பீஸை எடுக்கிறது. பிறகு தமிழை எழுதப் போய், அட்டவணையில் இடமில்லை என்று பிழை வந்தால், புதியதும் இல்லை, பழையதும் இல்லை. வெறும் கோப்பு மிஞ்சும். ஓர் ஆண்டு வருகைப் பதிவேட்டை அப்படி இழந்தால் எப்படி இருக்கும்? தினமும் சேர்க்க வேண்டியதற்கு 'ஏ'தான் பொருத்தம். எதை எழுதுவதாக இருந்தாலும் முதலில் ஒரு நகல்.

'சார், எல்லாமே ஆங்கிலமாக இருக்கிறதே' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற நிரல்மொழி 2013-ல் பொதுவெளிக்கு வந்தது. கட்டளைகள் முழுக்கத் தமிழ். கோப்பைத் திறப்பதும் மூடுவதும் தமிழ்ச் சொற்களால்தான். அவரும் நண்பர்களும் தரும் 'ஓப்பன் தமிழ்' என்ற நிரல்தொகுப்பைப் பைத்தானில் சேர்த்துக்கொண்டால், 'தாம்பரம்' மீண்டும் ஐந்து எழுத்தாகவே எண்ணப்படும்.

*கோலமும் கேள்விக்குறியும்*

கடைசியாக, பெரியவர்களுக்கு. உங்கள் வீட்டுப் பழைய கணினியிலோ சிடியிலோ, குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கை, பள்ளி வெள்ளிவிழா மலர், அப்பா எழுதி வைத்த குடும்ப வரலாறு என்று ஏதாவது இருக்கலாம். திறந்து பாருங்கள். இரண்டில் ஒன்று தெரியும்.

கோலம்போலப் புரியாத எழுத்துகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். எண்கள் பத்திரமாக இருக்கின்றன, அட்டவணைதான் தவறு. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால், பாமினியோ திஸ்கியோ, யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கோலத்தை அப்படியே மறுபடி சேமிக்காதீர்கள். நகலெடுத்து நகலில் மட்டும் கை வையுங்கள்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால்தான் கவலை. முன்பெல்லாம் நோட்பேடில் தமிழை அடித்து, 'ஆன்சி' என்ற தேர்வில் சேமித்தால், எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிடும். அங்கே மூல எண்ணே போய்விட்டது. எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. 2019-க்குப் பிறகான விண்டோஸ் 10-ல் நோட்பேடு தானாகவே யுடிஎஃப்-8-ல் சேமிக்கிறது. அதற்கு முந்தையவற்றைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்த டி.டி.பி. கடைகள் பல மூடிவிட்டன. எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் என்று நினைவு வைத்திருந்தவர்களுக்கு வயதாகிறது. சுவடியை வாசிக்கத் தெரிந்த கண்கள் குறைந்துகொண்டே வந்த காலத்தில் உ.வே.சா. ஓடியாடிச் சேர்த்தது நூல்களை மட்டுமல்ல, அவற்றை வாசிக்கும் முறையையும்தான். நம் தலைமுறைக்கும் அந்த வேலை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இது பெரிய வேலை அல்ல. இந்த வார இறுதியில் ஒரு கோப்பைத் திறந்து, எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்து, யுடிஎஃப்-8-க்கு மாற்றி, கோப்பின் முதல் வரியில் யார், எப்போது, எதில் எழுதியது என்று குறித்து வையுங்கள். வீட்டில் பைத்தான் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திலுள்ள பயிற்சிக் கணக்கைவிட இது அவர்கள் மனதில் நிற்கும்.

மாற்றத் தெரியாமல் தவிப்பவர்கள் எழுத்துருவின் பெயரைக் கீழே குறிப்பிடுங்கள். தெரிந்த நண்பர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள், வழி சொல்வார்கள்.